மூத்தாளுக்கு ஓர் இலை

இந்த மாதிரிச் சம்பவங்களை எழுதும்போது பெயரை மாற்றிவிடுவார்கள். நான் மாற்றவில்லை. கௌசல்யாவே அப்படிக் கேட்டுக்கொண்டாள். "எது வேணும்னாலும் மாத்துங்கோ. என் பேரை மட்டும் தொடாதீங்கோ" என்றாள். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

நடந்த இடம் திருவனந்தபுரம், ஸ்ரீவராகம். வருஷம் 1998. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இன்றைக்கும் சாயங்காலம் விளக்கு ஏற்றுகிறார்கள்.

கௌசல்யா கதை கட்டுகிற ரகம் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். தெருக்கோடி வரை போனபிறகு, பூட்டினோமா என்று திரும்பி வருவாள். தன் கண்ணையே சந்தேகப்படுகிறவள். அவள் சொன்னது இது.

அவளை வெங்கடசுப்ரமணியனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்திருந்தார்கள். மூத்தவள் கோமதி. காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை என்று கௌசல்யாவுக்குத் தோன்றும். சமையலறையில் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் விளிம்பில் 'கோமதி' என்று வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரங்கள். காலையில் காபி குடிக்கும்போது அந்த எழுத்து உதட்டில் உரசும். அவள் டம்ளரைத் திருப்பிப் பிடித்துக் குடிப்பாள்.

மாமியார் வேறு.

"கோமதி மொளகூட்டல் வெச்சா தெருவே மணக்குமாக்கும்."

"தெருவையா அவ கல்யாணம் பண்ணிண்டா?" என்று கௌசல்யா அடுப்பைப் பார்த்து முணுமுணுப்பாள்.

நாத்தனார் அஸ்வதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "மன்னி, அம்மா காதுல விழுந்தா தீர்ந்தது."

அந்த அஸ்வதிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை. அந்தக் குடும்பத்தில் சுமங்கலியாகச் செத்துப்போன பெண்களை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இலை போட்டு, புடவை வைத்துக் கும்பிடும் சடங்கு. இந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மூத்தாளை இளையாள்தான் கூப்பிட வேண்டும். செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்று, 'கோமதி, வாங்கோ' என்று கௌசல்யாதான் சொல்ல வேண்டும்.

அவளால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போனவளை நானே உள்ளே கூப்பிடுவதா?

அப்போதுதான் அவளுக்கு ஒரு துருப்பு கிடைத்தது. கோட்டைக்குப் பக்கத்தில் சாயங்காலக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாண மண்டபத்தில் மாட்டுவதற்கு வம்சாவளி ஒன்று தயார் பண்ணச் சொல்லி பம்பாய்ப் பெரியப்பா அவளிடம் ஒப்படைத்திருந்தார். கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். கொள்ளுத்தாத்தா அனந்தநாராயணனுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி தர்மாம்பாள். பிள்ளை பெற்றவள். இன்னொருத்தி பெயர் யாருக்கும் தெரியவில்லை. குழந்தை இல்லாத மூத்தாளாக இருக்கும், அதனால்தான் மறுபடி கட்டியிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"அந்த மூத்தாளை நாம கூப்பிடறதில்லையே அம்மா" என்றாள் கௌசல்யா, மெதுவாக.

மாமியார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே நிமிர்ந்தார். "பேர் தெரியாம எப்படிக் கூப்பிடறது?"

"தெரியாமப் போச்சா, வேணும்னே விட்டாளா?"

"எங்கே சுத்தி எங்கே வரேன்னு தெரியறது, கேட்டியா." காம்பை எறிந்தார். "சரி. வேணும்னுதான் விட்டான்னு நீ காட்டு. கோமதியையும் விட்டுடலாம்."

அன்றையிலிருந்து கௌசல்யா தேடினாள். சாஸ்திரிகளைக் கேட்டாள். திவசத்தில் தர்மாம்பாள் பெயர்தான் வருகிறது, மற்றது ஓர்மை இல்லை, நினைவுக்கே வரவில்லை என்றார். வயதான உறவுக்காரர்களுக்குப் போன் போட்டாள். கொள்ளுத்தாத்தா பிறந்த வீட்டை எப்போதோ இடித்துவிட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

ஒரு காலையில் காபி குடிக்கும்போது, திருப்பிப் பிடிக்க மறந்துபோய், 'கோமதி' உதட்டில் பட்டது.

அப்படியே நின்றாள்.

கட்டி வந்தவள் ஒவ்வொருத்தியும் பாத்திரத்தோடுதான் வந்திருப்பாள். பாத்திரத்தில் பேர் இருக்கும்.

பழைய பித்தளையெல்லாம் பரணில் கிடந்தது.

அன்று சாயங்காலம் மாமியார் தீபாராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். வெங்கடசுப்ரமணியன் ஆபீஸிலிருந்து வரவில்லை. அஸ்வதி ஏணியில் ஏறிப் பரணுக்குள் நுழைந்தாள். கௌசல்யா கீழே பென்சிலும் வம்சாவளிச் சார்ட்டுமாக நின்றாள்.

"எந்தா மன்னி இது, மூக்கெல்லாம் தூசி. எனக்குக் கல்யாணத்தன்னிக்கு ஜலதோஷம் பிடிச்சா உங்களை விட மாட்டேன்."

"பேசாம எடுத்துக் குடு."

ஏழு மணி. கரண்ட் போயிற்று. அந்த வருஷம் தினமும் அரை மணி நேரம் கட். அன்றைக்கு அந்த ஏரியாவுக்கு ஏழிலிருந்து ஏழரை என்பதை அவள் மறந்திருந்தாள்.

"அசையாம இரு. தீப்பெட்டி எடுத்துண்டு வரேன்."

பூஜை அறைக்குள் தடவிப் பார்த்தாள். மேடை, மணி, கற்பூரத் தட்டு... தீப்பெட்டி அகப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து ஏணியைப் பற்றிக்கொண்டாள்.

"மேலேதானே இருக்கே?"

"இருக்கேன்."

குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. தூசி, என்று நினைத்துக்கொண்டாள்.

மேலிருந்து ஒரு பாத்திரம் இறங்கி வந்தது. இருட்டில் அதன் அடிப்பாகம் அவள் கையில் பட்டது. ஜில்லென்று ஈரமாக இருந்தது. இப்போதுதான் கிணற்றடியில் கழுவியது போல.

"பேர் எப்படிப் பாக்கறது? இருட்டா இருக்கே."

"தடவினாத் தெரியும்." பிறகு, "ஆவுடையம்மாள்."

கௌசல்யாவும் விளிம்பைத் தடவினாள். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. ஆ... வு... ஆமாம். சந்தோஷமாக இருந்தது. தோராயமாகச் சார்ட்டில் கிறுக்கினாள்.

அடுத்தது.

"செல்லம்."

அதுவும் சரி.

அடுத்தது கனமாக இருந்தது. "தர்மாம்பாள்" என்றது குரல். கௌசல்யா வாங்கினாள். மேலே இருந்த கை விடவில்லை.

இழுத்தாள்.

விடவில்லை.

"விளையாடாதே, தோள் வலிக்கறது."

விட்டது. அப்போது வளையல் ஓசை கேட்டது. கண்ணாடி வளையல். க்ளிங்...

அஸ்வதி கையில் வாட்ச் மட்டும்தானே கட்டியிருந்தாள்? கௌசல்யாவுக்குச் சரியாக நினைவில்லை. வளையலும் போட்டிருக்கலாம். நான்தான் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. வார்த்தைக்கு வார்த்தை 'மன்னி' என்கிறவள் இருட்டு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட மன்னி என்று சொல்லவில்லை.

பரண் பலகையும் முனகவில்லை. சற்று முன்னால் அஸ்வதி அசைந்தபோதெல்லாம் முனகிய பலகை.

அடுத்த பாத்திரம் வந்தது.

விளிம்பைத் தடவினாள். சுற்றிலும் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"இதுல பேரே இல்லையே."

"இருந்தது."

"யாரோடது?"

"பகவதி."

கட்டம் நிரம்பிவிட்டது.

"எழுத்தே இல்லாம உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

விளிம்பை மறுபடி தடவினாள்.

"தேஞ்சு போச்சா?"

"தேய்ச்சது."

"யாரு?"

க்ளிங்...

"நான்."

பின்கட்டுக் கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம்.

"மன்னி, யார்கூடப் பேசிண்டிருக்கேள்? நான் முக்குக் கடைக்கு மெழுகுதிரி வாங்கப் போனேனே. சொல்லிட்டுத்தானே போனேன்."

கௌசல்யாவால் திரும்ப முடியவில்லை.

பின்கட்டு வாசலில் அஸ்வதி.

மேலே...

அஸ்வதி டார்ச்சைப் பரணுக்குள் அடித்தாள்.

யாரும் இல்லை.

ஏணியைச் சுற்றித் தரையில் நான்கு பித்தளைப் பாத்திரங்கள். ஆவுடையம்மாள், செல்லம், தர்மாம்பாள். நான்காவதில் பெயர் இல்லை. நான்கும் ஈரம்.

கோயிலிலிருந்து வந்த மாமியார் முழுவதையும் கேட்டார். நெற்றியில் இருந்த சந்தனம் வியர்வையில் வழிந்தது.

"வேண்டாம் கௌசல்யா. கோமதியைக் கூப்பிட்டுடு."

அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தப் பெயர் சுட்டது. பயம் ஒரு பக்கம். ஆனால் இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்தபிறகும் கோமதிதானா?

"நீங்க வாக்குக் கொடுத்தேள். மூத்தாள் பேரை யாரோ வேணும்னே தேய்ச்சிருக்கா. விட்டிருக்கா. ருசுவாயிடுத்து."

மாமியார் வழிந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் வாய். உன் இஷ்டம்" என்றார்.

பிரார்த்தனையன்று கௌசல்யா செம்போடு வாசலில் நின்றாள். தர்மாம்பாளைக் கூப்பிட்டாள். ஆவுடையம்மாளை, செல்லத்தை. முதல்முறையாகப் பகவதியையும். கோமதியின் முறை வந்தது. பின்னால் பெண்கள் காத்து நின்றார்கள். கௌசல்யா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே திரும்பினாள்.

உள்ளே ஓர் இலை குறைவாகவே போட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. வம்சாவளியை மண்டப வாசலில் மாட்டியிருந்தார்கள். எல்லோரும் கௌசல்யாவை மெச்சினார்கள். அன்றுதான் அந்த வீட்டு மாட்டுப்பெண் ஆனதாக அவளுக்குத் தோன்றிற்று. வடிவீஸ்வரத்திலிருந்து வந்த ஒரு மாமி மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"பகவதி பேரை எங்கேடி பிடிச்சே? எங்காத்துப் பொண்ணு அவ. எங்க தாத்தாவுக்குத் தங்கை."

"பழைய பாத்திரத்துலேர்ந்து மாமி."

"ஆனா மாத்திப் போட்டுட்டியே. தர்மாம்பாள்தான் மூத்தா. பிள்ளையைப் பெத்துட்டுப் போயிட்டா. அப்புறம் கட்டினது பகவதியை. அவதான் இளையா."

தர்மாம்பாள் பாத்திரத்தை விடாமல் பிடித்திருந்த கை கௌசல்யாவுக்கு நினைவு வந்தது.

"இளையாளா?"

"ஆமா. பொறாமைக்காரி. பிரார்த்தனையில மூத்தாளைக் கூப்பிட மாட்டேன்னு வாயை மூடிண்டு நின்னாளாம். அப்புறம்தான் அவ பாத்திரத்துலேர்ந்து எழுத்து ஒண்ணொண்ணா போக ஆரம்பிச்சதுன்னு எங்காத்துல சொல்லுவா. கடைசியில அவ பேரே அந்த ஆத்துல யாருக்கும் ஓர்மை இல்லாமப் போச்சு." மாமி கண்ணாடியை இறக்கினாள். "பழங்கதை. நீ ஏண்டி வேர்க்கறே?"

கௌசல்யா வீட்டுக்கு ஓடினாள். தன் சீர்வரிசைக் குடத்தை எடுத்தாள். சாலைக் கடையில் மெஷினில் பெயர் வெட்டி வாங்கிய புது எவர்சில்வர் குடம்.

'சல்யா' என்று இருந்தது.

முன்னால் வழவழவென்று இருந்தது.

பக்கத்தில் டம்ளர். அதில் 'கோமதி', நேற்று வெட்டியது போல.

இருட்டும் நேரம். செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "கோமதி, வாங்கோ" என்று கூப்பிட்டாள். அழுதுகொண்டே மறுபடி மறுபடி கூப்பிட்டாள். தெருமுனையில் க்ளிங் என்று கேட்டது. கிட்டே வரவில்லை. தள்ளிப் போயிற்று.

மண்டபத்திலிருந்து வெங்கடசுப்ரமணியன் வந்தான். வாசலில் நிற்கிறவளைப் பார்த்துச் சிரித்தான். ஏதோ சொல்லக் கூப்பிட வாயெடுத்தான்.

நின்றான்.

"என்ன இது... உன் பேர்... நாக்கு நுனியிலேயே நிக்கறது..."