அண்ணன் ஊற்றிய ஆயில்

நான் எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கம் இல்லை. இதை எழுத வைத்தது கோபம்தான்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் அண்ணன் பக்கத்து இலைக்காரரிடம் சொல்கிறார், "எந் தம்பி சம்சாரம் இன்னிக்கு நர்ஸா இருக்குதுன்னா, அன்னிக்கு பரீட்சைக்கு வண்டிய ரெடி பண்ணிக் குடுத்தது நானுங்க." பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

நடந்தது இது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்தோம். அண்ணன் ரொம்ப முன்னாலேயே வந்தவர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு, ரூட் பதினெட்டில் கடை. பால், பேப்பர், சிகரெட், லாட்டரி. எங்களுக்கு விசா மனுப் போட்டு வரவழைத்தவரும் அவர்தான். அவர் வீட்டு பேஸ்மென்டில் நானும் என் மனைவியும் இருந்தோம். நான் எடிசனில் ஒரு குடோனில் பெட்டி ஏற்றி இறக்கினேன். அவள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கே பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கினால்தான் நர்ஸ். அதுவரை ஒரு முதியோர் இல்லத்தில் பெட்பேன் கழுவினாள், படுக்கை துடைத்தாள். பரீட்சை தேறினால் அவளுக்கு அவள் வேலை, எங்களுக்குத் தனி வீடு. இல்லாவிட்டால் பேஸ்மென்ட். வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

அண்ணன் புதுக் கார் வாங்கியதும் பழைய ஜப்பான் காரை எங்களுக்கு விட்டார். கியர் வண்டி. பதிவு அவர் பேரில்தான். ஓட்டுவது நாங்கள்.

வண்டி கைக்கு வந்த முதல் குளிரிலேயே காலையில் முனகியது. அண்ணனும் நானும் ஊரில் நாமக்கல் லாரி ஓட்டியவர்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில். வெயிலில் லோடு ஏற்றி மலை ஏறுகிற வண்டிக்கு அது சரி. இன்ஜினுக்கு இருபது-ஐம்பது என்கிற கெட்டி ஆயில், கியர் பாக்ஸுக்கு அதைவிடக் கெட்டியான தொண்ணூறு நம்பர். அண்ணன் காருக்கும் அதையே ஊற்றிவந்தார்.

என் மனைவி டேஷ்போர்டுக்குள் கிடந்த வண்டிப் புத்தகத்தைப் படித்தாள்.

"ஏனுங்க, குளிருக்கு அஞ்சு-முப்பது ஊத்தோணும்னு போட்டிருக்குது. முன்னாடி இருக்கிற நம்பர்தான் குளிருக்காம். அது சின்னதா இருக்கோணும். கியர் பாக்ஸுக்கும் இன்ஜின் ஆயிலேதானாம்."

நான் நம்பவில்லை. கியர் பாக்ஸுக்கு இன்ஜின் ஆயிலா? அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை. இரண்டு டம்ளரில் இரண்டு ஆயிலையும் ஊற்றிப் பின்வாசல் படியில் வைத்தேன். ராத்திரி முழுக்க உறைபனி. காலையில் சாய்த்துப் பார்த்தேன். ஐந்து-முப்பது ஓடி வந்தது. இருபது-ஐம்பது வெல்லப்பாகு மாதிரி யோசித்து யோசித்து வந்தது. தொண்ணூறு நம்பருக்கு டம்ளர் வைக்கவே தேவையில்லை என்று புரிந்துவிட்டது.

அன்றே இரண்டையும் வடித்துவிட்டு மெல்லிய ஆயில் ஊற்றினேன். வண்டி முதல் சாவியில் எடுத்தது. கியர் வெண்ணெயாக விழுந்தது.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "தண்ணியாட்டம் ஊத்தி இன்ஜினைத் தேச்சுப் போடாதடா. அம்மிணி ஊசி போடறதப் பாக்கட்டும், வண்டிய நாம பாப்போம்." மேலே அவர்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். மாமனார் ஸ்தானத்தில் இருக்கிறவரிடம் எதிர்த்துப் பேசுகிற வளர்ப்பு இல்லை அவளுக்கு.

ஜனவரியில் பரீட்சை. நெவார்க் பக்கம் ஒரு கட்டடத்தில், காலையில். வருஷக் கணக்காகப் படித்திருந்தாள். வேலை முடிந்து வந்து, ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். புரண்டு படுத்தால் அவளுக்குத் தொந்தரவு என்று நான் அசையாமல் படுத்திருப்பேன்.

பரீட்சைக்கு முதல் நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் போனேன், வண்டி ஓய்வாக நிற்கட்டும் என்று. எங்கள் பக்கம் லாரி தூரதேசம் போகிறதென்றால் ஆயில் மாற்றி, பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புவார்கள். அண்ணன் அதைச் செய்தார். என்னைக் கேட்கவில்லை. நான் ஊற்றிய நல்ல ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினுக்கு இருபது-ஐம்பது, கியர் பாக்ஸுக்குத் தொண்ணூறு நம்பர். நான் வந்ததும் சொல்லவும் இல்லை. காலையில் நாங்கள் பார்த்து சந்தோஷப்படட்டும் என்று இருந்தாராம்.

காலையில் அவரும் அண்ணியும் கடை திறக்கப் போய்விட்டார்கள். நாங்கள் வெளியே வந்தோம். அந்த வருஷத்திலேயே மோசமான குளிர். மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். பானட்டில் சந்தனம் குங்குமம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், கூழாங்கல் மாதிரி இறுகிப்போய்.

சாவியைத் திருப்பினேன். உர்ர் என்று ஒரு தடவை சுற்றி நின்றது. மறுபடி. நின்றது. பானட்டைத் தூக்கி ஆயில் அளவு பார்க்கிற கம்பியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. சொட்டவில்லை. குப்பைத் தொட்டியைத் திறந்தேன். காலி டப்பாக்கள்.

கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, வண்டி எடுக்கல. வந்து கூட்டிட்டுப் போங்க."

"எடுக்கும்டா. ஆக்ஸிலேட்டர ரெண்டு மிதி மிதிச்சுட்டுப் போடு."

"ஆயில் மாத்தினீங்களா?"

"புது ஆயில்டா! பரீட்சைக்குப் போற வண்டி, பழசோட அனுப்புவனா?"

"அண்ணா, நேரமாச்சு. வாங்க."

"காலை வியாபாரம். உங்க அண்ணி ஒண்டியா என்ன பண்ணுவா? கொஞ்சம் பொறு. சூடானா எல்லாஞ் சரியாயிரும்."

வைத்துவிட்டார். டாக்ஸிக்காரன் போனை எடுக்கவில்லை.

எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் கம்பளிப் போர்வையோடு வந்து, தன் வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கொடுத்தார். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. அடுத்தது கியர். முதல் கியர் முக்கி முக்கி விழுந்தது. இரண்டாவது விழவே இல்லை. கம்பியைச் சேற்றில் குத்தின மாதிரி இருந்தது. ரூட் பதினெட்டில் முதல் கியரிலேயே போனேன். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். ஒருத்தன் ஜன்னலை இறக்கித் திட்டினான். அவள் மடியில் கைப்பை. மணியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டர்ன்பைக் என்கிற பெரிய ஹைவேயில் ஏறுகிற வரைக்கும் முதல் கியர்தான். அதற்குப் பிறகு சூடாகி, எல்லாக் கியரும் விழுந்தது. என்ன பிரயோஜனம்?

பரீட்சை இடத்தில் கதவை ஒட்டி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைக் காட்டினாள். முடியாது என்று தலையை ஆட்டினாள். என் மனைவி இரண்டு தடவை ஏதோ கேட்டாள். பிறகு "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்தத் தேங்க் யூ இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தோம். இன்ஜின் சூடாக இருக்கும்போதே அடியில் தட்டு வைத்து நட்டைக் கழற்றினேன். கையுறை போடவில்லை. அண்ணன் சாப்பிட வந்தவர் வாசலில் நின்றார்.

"என்னடா பண்றே? நேத்துதான் ஊத்தினேன்."

"வடிக்கிறேன்."

"அம்மிணிக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல. அதுக்கு ஆயிலக் குத்தம் சொல்லுவியா?"

நான் எழுந்து நின்றேன். பிறந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"நேரமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் சரியில்ல."

"என்ன பேச்சுடா இது? என் வீட்ல இருந்துட்டு, என் வண்டிய வெச்சுட்டு..."

"வெச்சுக்கங்க."

அப்படியே விட்டேன். அவர் ஊற்றிய ஆயில் வடிந்துகொண்டிருந்தது. புதுசு நான் ஊற்றவில்லை. சாவியைப் பானட் மேல் வைத்துவிட்டுக் கீழே போனேன். அவள் ஏற்கெனவே சூட்கேஸை இறக்கி வைத்திருந்தாள். நான் சொல்லவே இல்லை.

நியூ பிரன்ஸ்விக்கில் ஸ்டேஷன் பக்கம் ஒரு அறை எடுத்தோம். பரீட்சைக்கு மறுபடி எழுதிப் போட்டு, நாள் கிடைத்து, இரயிலில் போய் எழுதினாள். அப்போது மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. தேறினாள்.

அதான் தேறிவிட்டாளே, இன்னும் என்ன என்கிறார்கள். ஜனவரியிலேயே தேறியிருப்பாள். அவள் படித்த படிப்பு எனக்குத் தெரியும். அந்தக் குளிர் முழுக்க நர்ஸாக இருக்க வேண்டியவள் பெட்பேன் கழுவினாள். சோப்புத் தண்ணீரில் விரல் வெடித்து, ராத்திரியில் வாசலின் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுத்தாள். அந்த விரலைப் பார்த்தவன் நான். அண்ணன் இன்றுவரை, "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கேட்கவும் மாட்டாள்.

நான் கேட்பேன். அடுத்த பந்தியில் எழுந்து போக மாட்டேன்.