லேப்டாப்புக்குள் ஒரு சந்தனப் பொட்டு

என் மகளின் லேப்டாப்பை நான் வாங்கிய நாளிலிருந்தே நம்பவில்லை. பழையது, வேறு யாரோ வைத்திருந்தது. கேமிங் லேப்டாப் என்றார்கள். திறந்தால் எழுத்துக் கட்டைகள் எல்லாம் பச்சை, நீலம், ஊதா என்று தைப்பூச ரதம் மாதிரி மின்னும். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"விளையாட இல்லப்பா, படம் செய்ய. இந்த மாதிரி மிஷின்லதான் ஓடும்" என்றாள்.

காலேஜில் கார்ட்டூன் படம் செய்யப் படிக்கிறாள். கடைசி வருடம். அவள் செய்துகொண்டிருந்த படத்தில் ஓர் ஆடு ரவாங்கில் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வருகிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தைக் கேட்டால், "முடியட்டும்ப்பா, அப்புறம் பாருங்க" என்பாள். ஆட்டின் முடி ஒவ்வொன்றும் காற்றில் தனித்தனியாக அசைய வேண்டுமாம். அந்த முடிக்கே லேப்டாப்பில் இடம் தீர்ந்துபோனது. பாதி வேலையில் மிஷின் நின்றுவிடும். திங்கட்கிழமை படத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் இந்த வருடம் போச்சு.

"படத்த சேமிச்சு வைக்கற எஸ்எஸ்டி இன்னொண்ணு போட்டா போதும்ப்பா. உள்ள காலி இடம் இருக்கு" என்றாள். ஆன்லைனில் வாங்கியும் விட்டாள். பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் சுவிங்கம் பட்டை அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. கையில் வைத்தால் கனமே இல்லை.

"இதுக்குள்ள உன் ஆடு முழுசும் போகுமா?"

"நூறு ஆடு போகும்ப்பா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு வாசலில் வேலை பார்க்கிறேன். லோரி வந்து நிற்கும். கண்டெய்னர் கதவில் சீல் இருக்கிறதா, அதன் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதுதான் என் வேலை. எண்ணை நான் மனசுக்குள் படிக்க மாட்டேன், ஒவ்வொன்றாக வாய்விட்டுத்தான் படிப்பேன். லோரிக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். சீல் அப்படியே இருக்கக் கதவின் கைப்பிடியை மட்டும் கழற்றிச் சரக்கை எடுத்து, திரும்ப மாட்டிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு எதன் மேலும் முழு நம்பிக்கை கிடையாது, முருகனைத் தவிர.

அதனால் வீட்டிலும் ஒரு பழக்கம். புதிதாக எது வந்தாலும் கோயில் சந்தனத்தில் ஒரு பொட்டு வைப்பேன். ஃபிரிட்ஜுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, மாவு அரைக்கிற மிஷினுக்கு. சமையல் கேஸ் தோம்பு வந்தால் மூடியின் விளிம்பிலேயே வைப்பேன், யாராவது திறந்திருந்தால் தெரிந்துவிடும் அல்லவா. பக்திக்குப் பாதி, பாதுகாப்புக்குப் பாதி. சாமிக்கு இது தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் இதையெல்லாம் மாட்டித் தருகிறார்கள் என்று மகள் விசாரித்து வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு விட முடியாத கிளாஸ். எனக்கு ஓய்வு நாள். நான் கொண்டு போகிறேன் என்றேன். கிளம்பும்போது கேட்டேன், "உன் படத்துக்கு வேற காப்பி இருக்கா?"

"முழுசா இல்லப்பா. இடம் இல்லாமதானே இவ்வளவு பாடு. புதுசு போட்டதும் மொத வேலை காப்பி எடுக்கறதுதான்."

அப்படியென்றால் அவளுடைய ஒரு வருட உழைப்பும் அந்தப் பழைய தகட்டில் மட்டும்தான் இருக்கிறது. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். வாசலில் என் மனைவி சிரித்தாள். "லேப்டாப்ப கொண்டு போறீங்களா, இல்ல கைதிய கூட்டிட்டுப் போறீங்களா?"

காலையில் கோயிலில் வாங்கிய சந்தனம் வாழையிலைத் துண்டில் மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தேன்.

கடையில் இருந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. ஆள் ஒருத்திதான். மேசையில் திறந்து போட்ட லேப்டாப்புகள், வயிறு தெரிய. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் யாருக்குத் தெரியும்? எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

"என் முன்னாலயே திறங்கம்மா" என்றேன்.

"திறக்கறேன் அங்கிள். ஆனா இன்னைக்கு கூட்டம். மாட்டி, டெஸ்ட் பண்ணி, அப்டேட் போட்டு, மத்தியானம் ஆயிடும் லா. சாப்ட்டு வாங்க."

அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே இரண்டு காத்தாடி, ஒரு பெரிய பேட்டரி. ஓரத்தில் ஒட்டுத்தாளோடு ஒரு பட்டை. "இதுதான் பழைய எஸ்எஸ்டி. பக்கத்துல காலியா இருக்கு பாருங்க, அங்கதான் புதுசு உக்காரும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. விரல் நுனியில் சந்தனத்தைத் தொட்டுப் பழைய பட்டையின் மேல் ஒரு பொட்டு. முருகா, பிள்ளையின் உழைப்பு, நீதான் காவல் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இனி மாற்றினால் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியே வந்து வாழையிலையில் சைவச் சாப்பாடு சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன், ஞாபகம் இல்லை. பக்கத்துக் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றேன். கண்ணை மூடினால் ஸ்க்ரூதான் தெரிந்தது. அந்தப் பெண் ஏன் என்னைச் சாப்பிட அனுப்பினாள்? போன் உண்மையிலேயே வந்ததா, வரவழைத்ததா? குங்குமத்தை எடுத்துக்கொண்டு சீக்கிரமே திரும்பினேன்.

லேப்டாப் மூடி, துடைத்து, தயாராக இருந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே சந்தேகமாக இருந்தது.

"முடிஞ்சிருச்சு அங்கிள். ரெண்டும் காட்டுது. புதுசு நல்லா ஸ்பீடு."

"கொஞ்சம் திறந்து காட்டுங்கம்மா."

"இப்பத்தானே மூடினேன்?"

"ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே."

அவள் மறுபடி ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். மூடியைத் தூக்கினாள். நான் குனிந்து பார்த்தேன். புதுசு அதன் இடத்தில் இருந்தது. பழையதும் இருந்தது, அதே அளவு, அதே மாதிரி ஒட்டுத்தாள்.

பொட்டு இல்லை.

திங்கட்கிழமை, ஆடு, பிள்ளை கண்விழித்துச் செய்தது எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தது. கேட்கவும் வழியில்லை. திருட்டுத்தனமாக வைத்த பொட்டை எங்கே என்று எப்படிக் கேட்பது?

"என்ன அங்கிள் தேடறீங்க, சந்தனத்தையா?" என்றாள் அவள்.

நான் நிமிரவில்லை.

"மொதல்ல மஞ்சளா பாத்ததும் பேட்டரிதான் ஒழுகிருச்சுன்னு பயந்துட்டேன். மோந்து பாத்தேன். நான் சர்ச்சுக்குப் போற ஆளு, எனக்கே தெரியும் சந்தன வாசம். ஈரம் அங்கிள் அது! கரண்ட் போற இடம். இன்னும் கொஞ்சம் கீழ வழிஞ்சு, நான் கவனிக்காம ஆன் பண்ணியிருந்தா உள்ள இருக்கறது எல்லாம் போயிருக்கும்."

"அதான் தொடச்சிட்டீங்களா?" என் குரல் எனக்கே நம்பிக்கையில்லாத குரலாக இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். திறந்த லேப்டாப், பழைய பட்டை, அதன் மேல் என் பொட்டு. பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுத்தாளின் எண் தெளிவாகத் தெரிந்தது. "எந்த மிஷினா இருந்தாலும் கை வைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துருவேன். மாத்திட்டேன்னு கடைசில சண்டைக்கு வருவாங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அங்கிள்."

கிடங்கு வாசலில் சீலை வெட்டுவதற்கு முன்னால் நானும் அதைத்தான் செய்கிறேன், போட்டோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவில் உள்ள எண்ணையும் லேப்டாப்புக்குள் இருந்த எண்ணையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசி எண்வரைக்கும் ஒன்றாகவே இருந்தது.

"சரியா?"

"சரிம்மா."

"உங்க மக விசாரிக்கக் கூப்பிட்ட நம்பருக்குப் போன் பண்ணி, உள்ள என்னவோ மஞ்சளா இருக்கே, என்ன கொட்டினீங்கன்னு கேட்டேன். அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! 'அது கொட்டினது இல்லக்கா, எங்கப்பா போட்ட சீல்'னாங்க."

என் முகம் சூடானது. எண் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த ஈரம் உள்ளே இருந்ததை ஏதாவது செய்திருந்தால்? இப்போது நான் அவளைச் சந்தேகப்படவில்லை. என் விரலைத்தான் சந்தேகப்பட்டேன்.

"படம் இருக்கான்னு பாக்கணும்மா" என்றேன்.

மூடியை மாட்டி லேப்டாப்பைத் திறந்தாள். எழுத்துக் கட்டைகள் ரதம் மாதிரி மின்னின. மகளைப் போனில் கூப்பிட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒன்றைத் தட்டினாள். பாட்டு இல்லை, சத்தம் இல்லை, கொமுட்டர் ஒன்று ஓடியது. ஜன்னலோரம் ஆடு. முடி ஒவ்வொன்றும் அசைந்தது. நான் மூச்சே விடவில்லை. டிக்கெட் பார்க்கிறவர் வருகிறார். காக்கிச் சட்டை, பெரிய மீசை, நெற்றியில் பட்டை. டார்ச் லைட்டை ஆட்டின் முகத்தில் அடிக்கிறார். காதில் தொங்கும் எண்ணை வாயசைத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறார். வாலைத் தூக்கிப் பார்க்கிறார். இருக்கைக்கு அடியில் பார்க்கிறார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து மடித்த வாழையிலையை எடுத்து ஆட்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, உட்காரச் சொல்கிறார். ஆடு அந்த இலையைத் தின்றுவிடுகிறது. படம் அங்கே நின்றது. மிச்சம் இனிமேல்தான் செய்ய வேண்டும்.

கடைக்காரப் பெண் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"எனக்கு மீசை அவ்வளவு பெருசு இல்ல" என்றேன்.

"இருக்கு அங்கிள்."

கூலியைக் கொடுத்துவிட்டு, அம்மன் கோயில் குங்குமத்தை அவளிடம் நீட்டப் போய், சிலுவையைப் பார்த்துத் தயங்கினேன். அவளே கையை நீட்டித் தாளோடு வாங்கி மேசை டிராயரில் வைத்தாள். "மிஷின் மேல மட்டும் வைக்காதீங்க" என்றாள்.

திரும்பும் கொமுட்டரில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் ரொம்ப நேரம் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ன அண்ணே, இவ்வளவு பத்திரமா பிடிச்சிருக்கீங்க? உள்ள என்ன?" என்றார்.

இவர் ஏன் கேட்கிறார் என்று முதலில் தோன்றத்தான் செய்தது. பையின் ஜிப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஆடு" என்றேன்.