பூட்டி வைத்த பூச்சாடி

அந்தத் தெருவில் அவளைப் பூட்டக்கா என்றுதான் சொல்வார்கள். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சே வரும். கல்யாணமான புதிதில், தூக்கத்தில் சிரித்த கணவனை உலுக்கி எழுப்பி, யாரை நினைத்துச் சிரித்தாய் என்று கேட்டவள். சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. ஆனால் கைவேலை என்று வந்துவிட்டால் அவளைக் குறை சொல்ல ஆளில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அவளுடைய மண்பாண்டப் பட்டறை. புருஷனைப் பிரிந்து அண்ணன் வீட்டுக்கு வந்த நாத்தனார், சும்மா உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் அங்கே மண் பிசைய ஆரம்பித்தாள். பூட்டக்காவுக்கு அப்போதே உறுத்தியது. இன்று மண் பிசைகிறவள் நாளைக்குச் சக்கரத்தில் உட்கார மாட்டாளா என்ன? நினைத்த மாதிரியே உட்கார்ந்தும் விட்டாள்.

நகர நூலகத்தின் புதுக் கட்டடத்துக்கு பூட்டக்காவிடம் முழங்கால் உயரப் பூச்சாடி ஒன்று கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாகச் செய்ததெல்லாம் யார் யார் வீட்டுக்குள்ளோ போய் மறைந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்கப்போவது இது ஒன்றுதான். கொடியும் இலையுமாக ஒட்டி, பார்த்துப் பார்த்துச் செய்து, காய்வதற்கு ஜன்னலோரப் பலகையில் வைத்தாள்.

மறுநாள் வந்து பார்த்தால், சுவரைப் பார்த்திருந்த பெரிய இலை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாளும் இடம் மாறியிருந்தது. அடியில் விரல் தடம் வேறு. பூட்டக்காவுக்குச் சுருக்கென்றது. முன்பு ஒரு ஜாடியின் கைப்பிடி விரிசல் விட்டதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. வயிற்றெரிச்சல்காரி, இதிலும் விரிசல் விழட்டும் என்றுதான் நோண்டுகிறாள். கேட்டால் கண்ணைக் கசக்குவாள். அண்ணன்காரன் தங்கைக்குத்தான் பரிந்துகொண்டு வருவான். பூட்டக்கா ஜாடியைப் பாலித்தீனில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜாடி எங்கே என்று நாத்தனார் கேட்டதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேச்சை வெட்டினாள்.

சுடுகிற நாள் வந்தது. நாத்தனார் தனியாகச் செய்த முதல் கிண்ணங்கள் ஏற்கெனவே சூளைக்குள் இருந்தன. பூட்டக்கா ஜாடியைத் தானே தூக்கி வந்தாள். நாத்தனார் குனிந்து அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மண்ணுக்குள் ஈரமிருந்தால் கன்னம் காட்டிக்கொடுத்துவிடும்; ஈரத்தோடு சுட்டால் வெடித்துவிடும்.

"சில்லுனு இருக்கு அண்ணி. இன்னும் ரெண்டு நாள் விடலாமே."

விட்டால் நூலகத்துக்குச் சொன்ன நாள் தவறிவிடும். இவளுக்கு வேண்டியதும் அதுதானே!

"இந்தக் குளிருல எல்லாமே சில்லுனுதான் இருக்கும்" என்று பூட்டக்கா சூளைக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே டமாரென்று ஒரு சத்தம். சூளை ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்தபோது ஜாடி சுக்குநூறாகக் கிடந்தது. துண்டுகள் தெறித்ததில் கிண்ணங்களில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

நாத்தனார் ஒரு துண்டை எடுத்துப் புரட்டினாள்.

"எங்க வெச்சிருந்தீங்க அண்ணி?"

"பாலித்தீன்ல சுத்தி, பீரோவுல."

"ஜன்னல் பக்கம் மட்டும் சீக்கிரம் காஞ்சா வாய் கோணிக்கும்னு நான்தான் தினமும் திருப்பி வெச்சேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

ஏன் பூட்டினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பூட்டக்காவுக்கு. அவமானத்தில் முகம் எரிந்தது.

நூலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் கொஞ்சம் நாள் வாங்கினாள். புது ஜாடியை அதே ஜன்னலோரம் திறந்தே வைத்தாள். மறுநாள் அது வைத்தது வைத்தபடி இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வெயில் படுகிற பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நாத்தனாரே வந்து திருப்பட்டும் என்று தானும் தொடாமல், பூட்டக்கா வேலை செய்கிற சாக்கில் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் நாத்தனாரே வந்து நின்றாள்.

"இதை நான் தொடலாமா அண்ணி?"

மனசாரக் கேட்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று பூட்டக்கா அவள் முகத்தைத் துழாவினாள். துழாவுவதைப் பார்த்துக்கொண்டு, நாத்தனார் பதிலுக்காகக் காத்து நின்றாள்.