கிளடிஸின் இரண்டு பானை

சூசைதாசன் கையில் அகப்பையைக் கொடுத்தது தன்னுடைய பிழைதான் என்பதை, யார் கேட்டாலும் கிளடிஸ் ஒத்துக்கொள்வாள். மன்னாரில் கோயில் திருநாள் என்றால் சாப்பாட்டுப் பானையடியில் நிற்பவர் அவர்தான். "காணுமோ? இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றுவார். பானை எவ்வளவு கெதியாக வெறுமையாகிறதோ அவ்வளவு பெருமை. அப்படிப்பட்ட புருஷனை நூடில்ஸ் கடையில் குழம்புப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும்?

கடை கனடாவில், டோர்செட் பார்க்கில் இருக்கிறது. பழைய தளபாடக் கடையொன்றை உள்ளே தட்டிகள் வைத்து மறித்துச் சனிக்கிழமைச் சந்தையாக்கியிருக்கிறார்கள். வளையல் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்துகிறவருக்கும் நடுவே கிளடிஸின் அடுப்பு. அதன்மேல் இரண்டு பெரிய பானைகள். ஒன்றில் மீ ரெபுஸ் குழம்பு: சர்க்கரைவள்ளி என்கிற வத்தாளங்கிழங்கை அவித்து மசித்து, காய்ந்த இறாலும் கச்சான் கடலையும் அரைத்துவிட்டு, அகப்பையிலிருந்து சோம்பலாக வழிகிற பதத்தில் காய்ச்சியது. மற்றதில் மீ சோத்தோ: கோழியும் மல்லியும் பெருஞ்சீரகமும் கொதித்த, மஞ்சள் நிறத் தெளிந்த சாறு. இரண்டும் மலாய்க்காரரின் சாப்பாடு. இரண்டுக்கும் அடியில் அதே மஞ்சள் நூடில்ஸ்தான்.

கனடாவுக்கு வருமுன் குடும்பம் ஆறு வருடம் மலேசியாவில் அகதிப் பதிவோடு காத்திருந்தது. அந்த ஆறு வருடமும் கிளடிஸ் கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ரொஹானா என்ற மலாய்ப் பெண்ணின் கடையில் வேலை செய்தாள். கோப்பை கழுவப் போனவள், ஒரு நாள் ரொஹானாவுக்குக் காய்ச்சல் வந்ததால் பானையடிக்கு வந்தாள். பிறகு அங்கேயே நின்றுவிட்டாள். ரொஹானாவின் கடையில் ஒரே சட்டம். ஒரு கோப்பைக்கு ஒரு அகப்பை. அமைச்சர் வந்தாலும் ஒரு அகப்பை.

சூசைதாசனுக்கு அந்தச் சட்டம் பாவமாகப் பட்டது.

"கேக்கிற ஆளுக்கு இல்லையெண்டு எப்பிடியப்பா சொல்லுறது? எங்கட சனமெல்லே!"

எங்கட சனம் இருக்கிறதே, அது மீ ரெபுஸைக் கண்டதும் கூழ் என்று முடிவெடுத்துவிட்டது. நூடில்ஸை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுக் குழம்பைக் குடிப்பார்கள். கோப்பையை நீட்டுவார்கள். சூசைதாசன் ஊற்றுவார். திரும்ப நீட்டுவார்கள். சோத்தோவை ஒருவரும் சீண்டுவதில்லை. காலையில் வருகிற இரண்டு மூன்று மலேசியக் குடும்பங்கள் குடிப்பதோடு சரி. அதற்குப் போடுகிற பெர்கெடில் மட்டும் நன்றாக ஓடியது. உருளைக்கிழங்கை மசித்து உருட்டி, முட்டையில் தோய்த்துப் பொரித்தது அது. எங்கட ஆட்கள் அதற்குக் கட்லட் என்று பெயர் வைத்து, தக்காளி சோஸ் தொட்டுத் தேநீரோடு சாப்பிட்டார்கள்.

சந்தைக்காரரின் நிபந்தனை சின்னது. நான்கு சனிக்கிழமை பரீட்சை. மாலை ஆறு மணிவரை கடை திறந்திருக்க வேண்டும், வியாபாரம் நடக்க வேண்டும். தேறினால் இடம் நிரந்தரம். தேறாவிட்டால் அதே மூலைக்குப் பபிள் ரீ என்ற குளிர்தேநீர் விற்கிற ஒருவன் காத்திருந்தான்.

முதல் சனிக்கிழமை இரண்டரைக்குக் குழம்பு முடிந்தது. சூசைதாசன் வெறும் பானையைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பினார். இரண்டாம் கிழமை கிளடிஸ் கிழங்கைக் கூட்டினாள். அவரும் கையைக் கூட்டினார். மூன்றாம் கிழமை ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. சந்தையை நடத்துகிற ஷாமிலா, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, மூடிய அடுப்பைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"அன்ரி, நீங்கள் ரெண்டு மணிக்கு முன்னமே பூட்டினால் தாங்களும் பூட்டலாமோ எண்டு மற்றக் கடைக்காரர் கேக்கினம். அடுத்த கிழமைதான் லாஸ்ட் சான்ஸ். பிளீஸ்."

கிளடிஸ் வாரநாட்களில் பாண் சுடுகிற ஃபக்டரியில் நிற்பவள். வீடு இருக்கிற மல்வேர்னிலிருந்து விடிய நான்கரைக்குப் பஸ் எடுப்பாள். எட்டு வருடம் அப்படித்தான். அங்கே அவள் பெயர் எழுதிய பொருள் ஒன்றுதான், லொக்கர் கதவில் ஒட்டிய துண்டு. இந்த மூலை கிடைத்தால் தன் பெயரில் ஒரு பலகை தொங்கும் என்பதை அவள் வாய்விட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. சூசைதாசனுக்கு மட்டும் தெரியும். தெரிந்தென்ன, கை கேட்கவில்லையே.

நான்காம் சனிக்கிழமை காலை அவள் ஆட்களை மாற்றினாள். பத்தொன்பது வயது மகள் ஸ்டெபனிக்கு அகப்பை, அதுவும் வீட்டுச் சின்ன அகப்பை. சூசைதாசனுக்கு நூடில்ஸை வெந்நீரில் முக்கி எடுக்கிற வேலை.

"என்னை இறக்கிப்போட்டீர்" என்றார் அவர்.

"வாயை மூடிக்கொண்டு முக்குங்கோ."

ஸ்டெபனிக்கு "நோ" சொல்வதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. "சொறி அங்கிள், ஒண்டுதான்." "நோ அன்ரி, அவ்வளவுதான்." ஒரு கிழவர் கோப்பையைக் குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, உதென்ன காய்ச்சல் மருந்தோ, கரண்டியால அளந்து ஊத்துறாய்?" என்று கேட்டார். சூசைதாசன் வெந்நீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் மூன்று மணிக்கும் பானையில் குழம்பு இருந்தது. நான்கு மணிக்கும் இருந்தது. கிளடிஸ் முதல் தடவையாக ஒரு கதிரையில் உட்கார்ந்தாள்.

நான்கரைக்கு அவள் பின்பக்கம் பெர்கெடில் பொரிக்கப் போனாள். அதே நேரம் ஸ்டெபனி, "டடி, டென் மினிற்ஸ், ஒண்டும் தொடாதேங்கோ" என்றுவிட்டு வெளியே போனாள். அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் இரத்தினவேல் அண்ணை வந்து சேர்ந்தார். ஒவ்வொரு கிழமையும் முதல் ஆளாக வந்து குழம்பைக் குடித்துவிட்டு நூடில்ஸை விட்டுப்போகிறவர். இன்றைக்குத் தனியாக வரவில்லை. விட்பியில் புது வீடு வாங்கிய மகன் குடும்பம், சம்பந்தி வீட்டார் என்று ஏழு பேரைக் கூட்டி வந்திருந்தார்.

"இவ்வளவு தூரம் கார் ஓடி வந்திருக்கினம் தம்பி. பாத்துச் செய்யும்."

சூசைதாசன் பாத்துச் செய்தார்.

கிளடிஸ் பெர்கெடில் தட்டோடு திரும்பி வந்தபோது பானையின் அடியில் அகப்பை சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஸ்டெபனி வாசலில் நின்று, "டடி! சீரியஸ்லி?" என்றாள். மணி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"எட்டுப் பேரடி… வந்த சனத்தை எப்பிடி…" சூசைதாசன் பானையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். திருநாளில் வெறும் பானைக்கு முன்னால் நிற்கிற முகம் அது இல்லை.

இரத்தினவேல் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அருமை பிள்ளை! முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை. கடையும்தான்" என்றாள் கிளடிஸ். ஆறு மணிக் கதையையும் பபிள் ரீக்காரன் கதையையும் நாலு வசனத்தில் சொன்னாள்.

அவருக்கு முகம் கறுத்துப்போனது. "எங்கட வாயாலயோ உன்ர கடை போறது? மற்றப் பானையில என்ன கிடக்கு?"

"சோத்தோ."

"அந்தக் காய்ச்சல்காரன் குடிக்கிற தண்ணியோ?"

கிளடிஸ் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். சூடாக இருபத்துநாலு பெர்கெடில். காலையில் வந்த மலேசியக் குடும்பம் அதை எப்படிச் சாப்பிட்டது என்று அவளுக்குத் தெரியும். கிள்ளானில் ஆயிரம் பேர் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறாள். இங்கே மட்டும் ஏன் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்? கேட்டதைக் கொடுத்து வந்திருக்கிறாள். புருஷனும் அதைத்தானே செய்தார்.

"ஒருத்தரும் எழும்பக்கூடாது" என்றாள்.

எட்டுக் கோப்பையில் நூடில்ஸ் விழுந்தது. கொதிக்கிற சாறு விழுந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பெர்கெடிலைப் போட்டு, கரண்டியால் நடுவே உடைத்து, பச்சைமிளகாய் இடித்த கறுப்பு சோஸ் விட்டு, பொரித்த வெங்காயமும் செலரி இலையும் தூவினாள்.

"ஐயோ பிள்ளை!" இரத்தினவேல் உண்மையாகவே பதறினார். "நல்ல கட்லட்டைத் தண்ணிக்குள்ள போட்டுட்டியே!"

"குடியுங்கோ அண்ணை. பிறகு பேசுங்கோ."

குடித்தார். பிறகு கோப்பையை இன்னும் கிட்ட இழுத்தார். கரைந்த கிழங்கு சாற்றைத் தடிப்பாக்கியிருந்தது, கூழும் இல்லை, தண்ணியும் இல்லை என்கிற மாதிரி. நூடில்ஸையும் சேர்த்து உறிஞ்சினார். நாலு கிழமையில் அவர் நூடில்ஸ் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு எழும்பி, வளையல் கடையில் விலை பேசிக்கொண்டிருந்த தன் மனைவியைப் பார்த்துச் சந்தை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"தவமணி! வளையல் ஓடிப்போகாது, இஞ்ச வாரும்! கட்லட்டுக்கு வேற வேலை இருக்கு!"

தவமணி மட்டும் வரவில்லை. கைத்தொலைபேசி திருத்துகிறவர் வந்தார், வளையல் கடைக்காரி வந்தாள், அவளிடம் வளையல் வாங்க நின்றவர்களும் வந்தார்கள். ஸ்டெபனி ஊற்றினாள், சூசைதாசன் முக்கினார், கிளடிஸ் பின்பக்கம் ஓடி இன்னும் பொரித்தாள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஷாமிலா கதவுத் திறப்புக் கோர்வையோடு வந்தாள். வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள்.

"அன்ரி, நான் கதவு பூட்டவேணும். உவையை எப்ப அனுப்புவீங்கள்?"

"நீதானே பிள்ளை ஆறு மணிமட்டும் சனம் வேணுமெண்டு கேட்டனி."

ஷாமிலா சிரித்துவிட்டாள். "சரி, சரி. போர்ட்டிலை என்ன பேர் போடுறதெண்டு மெசேஜ் பண்ணுங்கோ. எனக்கும் ஒரு கோப்பை வையுங்கோ."

கிளடிஸ் திரும்பிப் பார்த்தாள். சூசைதாசன் ஆவிக்குள் நின்று நூடில்ஸைச் சரியாக எண்ணி முக்கிக்கொண்டிருந்தார். அவள் மகளிடமிருந்து சின்ன அகப்பையை வாங்கி ஒரு பக்கம் வைத்தாள். பெரிய அகப்பையைக் கழுவி அவர் கையில் கொடுத்தாள்.

"சோத்தோப் பானை உங்களுக்கு. கோழி எலும்பு கொதிக்கக் கொதிக்கச் சாறு வரும், எவ்வளவும் விடுங்கோ. மற்றப் பானைப் பக்கம் தலைவைச்சும் படுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

சூசைதாசனுக்கு விளங்கியது. கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டு, வரிசையின் முதல் ஆளிடம் குனிந்தார்.

"காணுமோ அண்ணை? இன்னும் கொஞ்சம்?"

முதல் ஆள் இரத்தினவேல்தான். இரண்டாவது கோப்பைக்கு வந்திருந்தார்.

"விடும் தம்பி, விடும்" என்றார். "கட்லட் ரெண்டாப் போடும்."