எல்லாருக்கும் ஓம் சொன்ன செபநாயகம்

குருநகரில் செபநாயகத்திடம் வாக்குக் கேட்டுப் போய் ஏமாந்து திரும்பிய வேட்பாளர் இன்னும் பிறக்கவில்லை. யார் படலையைத் திறந்தாலும் அவருக்கு ஒரே பதில்தான். "ஓம், ஓம். என்ரை வோட்டு உமக்குத்தான்." வந்தவர் கும்பிட்டு, ஒரு கலண்டரும் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்தவர் வருவார், அவருக்கும் அதே ஓம். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். செபநாயகத்தின் வாய்க்குத் தேர்தலுக்குத் தேர்தல் சோடாவும் றோல்சும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன.

முப்பது வருடம் கடலுக்குப் போய், முழங்கால் தேய்ந்து கரையில் உட்கார்ந்துவிட்ட மனிதர். "கேக்கிறவனுக்கு இல்லை எண்டு சொல்லி ஏன் பகையைத் தேடுவான்? பெட்டிக்குள்ளை போனது ஆருக்குத் தெரியும்?" என்பார். இரகசிய வாக்கெடுப்பை இவரளவுக்கு நேசித்தவர் இந்தத் தீவிலேயே இருக்க மாட்டார். உண்மையில் யாருக்குப் போடுவார் என்றால், கடைசியாக வந்தவருக்கு. மற்றவர்களின் முகம் அதற்குள் மறந்து போயிருக்கும்.

இந்த மாநகர சபைத் தேர்தலில்தான் சிக்கல் வந்தது. அவருடைய மனைவி அற்புதராணியின் தமையன் மகன் ஜெயசுதன், அவர்களுடைய வட்டாரத்தில் சுயேச்சையாக நின்றான். சின்னம் தேத்தண்ணிக் கேத்தில். அற்புதராணிக்கு அரசியல் தெரியாது, வாய்க்கால் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை யாரோ ஒரு பழைய உறுப்பினர் பாதி கட்டி, நாடா வெட்டி, படமும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். கட்டின பாதியால் ஓடி வரும் வெள்ளம் கட்டாத பாதியில் போக்கிடமில்லாமல் ஒவ்வொரு மாரிக்கும் அவளுடைய குசினிக்குள் வந்தது. போன கார்த்திகையில் உட்காரும் மர வாங்கின் மேல் ஏறி நின்று சமைத்தாள். தான் வென்றால் முதல் வேலை அந்த மிச்சப் பாதிதான் என்று ஜெயசுதன் மாமிக்குச் சொல்லியிருந்தான்.

"மாதாவாணை, என்ரை வோட்டு மருமோனுக்குத்தான்" என்றார் செபநாயகம்.

"நேற்று வோட்டுக் கேட்டு வந்த லெனாட்டுக்கும் இதைத்தானே சொன்னனீங்கள்?" என்றாள் அற்புதராணி.

"அது சும்மா. இது உண்மை."

"இருபத்தெட்டு வருசமா உங்கடை உண்மையைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

பக்கத்தில் நின்ற ஜெயசுதன் சிரித்தான். "விடுங்கோ மாமி. மாமாவின்ரை வோட்டை நான் எதிர்பாக்கவே இல்லை."

அது சுட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு; இவர் எட்டுத் தேர்தலுக்கு ஓட்டியிருந்தார். ஒரேயொரு தடவை உண்மையைச் சொல்லும்போது நம்ப ஒரு சீவன் இல்லையே என்று மனிதர் நொந்து போனார்.

தேர்தலன்று காலை ஏழு மணிக்கே மினுக்கிய சேட்டுடன் பள்ளிக்கூடத்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். மறைப்புக்குள் போய், கேத்திலுக்கு நேரே அழகாகப் புள்ளடி போட்டார். போட்ட பிறகுதான் யோசனை வந்தது. இதை யார் நம்பப் போகிறார்கள்? வாக்கு எண்ணுவதும் இதே பள்ளிக்கூடத்தில்தான். ஜெயசுதனின் முகவர் டினேஸ் பக்கத்தில் நின்று பார்ப்பான். பிறகென்ன! புள்ளடிக்குப் பக்கத்தில் 'சூ. செபநாயகம்' என்று கையெழுத்து வைத்தார். இடம் மிஞ்சியிருந்தது. 'மருமோன், மாமியின்ரை வாய்க்காலை மறந்திடாதை' என்றும் எழுதி, மடித்துப் பெட்டிக்குள் போட்டார்.

"பின்னேரம் தெரியும், ஆர் பொய்க்காரன் எண்டு" என்று வீட்டில் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்.

பின்னேரம் டினேஸ் வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"ஜெயசுதனுக்கும் லெனாட்டுக்கும் ஆளுக்கு நானூற்றிப் பன்னிரண்டு, மாமா. சமனா வந்தபடியால் சீட்டுக் குலுக்கினவை. லெனாட்டின்ரை பேர் விழுந்திட்டுது."

"என்ரை வோட்டைப் பாத்தனியோ?"

"நான் மட்டுமே? எல்லாருக்கும் தூக்கிக் காட்டினவை. போட்டது ஆரெண்டு தெரியிற மாதிரி எழுதினால் அந்த வோட்டு செல்லாது, மாமா. ஒண்டே ஒண்டு. அது இருந்திருந்தால் சீட்டே குலுக்கியிருக்கத் தேவையில்லை."

அற்புதராணி புருசன் பக்கம் திரும்பினாள். "உண்மையாத்தான் போட்டிருக்கிறியள்" என்றாள். இருபத்தெட்டு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. இப்படியா வந்து சேர வேண்டும்? அவருக்கு நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் லெனாட் மாலையும் கழுத்துமாக வந்தான். ஒரு பெரிய சோடாப் போத்தலை மேசையில் வைத்தான். "அண்ணை, எல்லாற்ரை வீட்டையும் போறன். ஆனால் நான் வெண்டது உங்கடை வோட்டாலைதான்."

செபநாயகம் போத்தலைத் தள்ளி வைத்தார். அற்புதராணிதான் கேட்டாள். "தம்பி, எங்கடை வாய்க்கால்?"

"ஓம், ஓம், அக்கா. முதல் வேலை உங்கடை வாய்க்கால்தான்."

அந்த ஓம் எந்த ரகம் என்று அந்த வீட்டில் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அற்புதராணி முற்றத்தில் கிடந்த வாங்கைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.