கொள்ளையடிக்க ஜவுளிக்கடைக்குப் போன நாச்சியார்

"அந்த ஊர்ல கடைக்குள்ள எவன் வந்தாலும் ‘என்ன எடுக்கணும்’னு இந்த வாயி கேக்காது. கேட்டா என் பேரு நாச்சியார் இல்ல!"

இந்தச் சபதத்துக்குச் சாட்சிகள் இருவர்: தம்பி பிரஜின், அடுப்பிலிருந்த குக்கர். குக்கர் விசிலடித்து ஆமோதித்தது.

அந்த ஊர் பிரஜினின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கடற்கரை, மேம்பாலம், போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ள விளையாட்டு நகரம். அங்கே நடமாடும் உருவங்களுக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிய நிஜ மனிதர்கள் உண்டு. எடுத்த வேஷத்தை விடாமல் பேச வேண்டும்; மற்றபடி யாரும் என்னவாகவும் இருக்கலாம். சாலை பஜாரின் ஜவுளிக்கடையில் இருபது வருஷமாக நின்றபடியே துணி விரித்துக் காட்டிய பெண்ணுக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்தால் சும்மா விடுவாளா? நாச்சியார் கொள்ளைக்காரி வேஷம் கேட்டாள்.

"யக்கா, நீ திட்டினாலே ‘தயவு செஞ்சு’ன்னுதான் வரும். ஆளுவ சிரிச்சிருவாவ, கேட்டியா" என்றான் பிரஜின்.

"சிரிக்கட்டும்டே. சிரிச்சவன் பல்லு மொதல்ல."

பயிற்சி தொடங்கியது. தேங்காய்த் துருவியைப் பார்த்து அதட்டினாள். முதல் நாள் "கையத் தூக்குங்க" என்றுதான் வந்தது. விடவில்லை. வாரக் கடைசியில், துருவிக்குக் கை இருந்திருந்தால் தூக்கியிருக்கும்.

அந்த நகரத்தின் பேர்போன கும்பலுக்குத் தலைவன் அஜீஷ். நிஜத்தில் நெய்யாற்றின்கரையில் மொபைல் ரிப்பேர் பார்க்கிறவன்.

"ஒரு கடை. ஒத்தைக்கு அடிக்கணும். ஜெயிச்சா சேச்சி நம்ம ஆளு. தோத்தா பின்னே இந்த வழிக்கு வரவேண்டா" என்றான்.

அவன் காட்டியது ஜவுளிக்கடை. விதி என்று எழுதலாம்தான்; மற்ற கடைகளிலெல்லாம் காவல் இருந்தது என்பதே உண்மை.

ஞாயிறு மத்தியானம். அஜீஷ் காரோடு வாசலில் நின்றான். நாச்சியார் துப்பாக்கியோடு உள்ளே போனாள்.

"கையத் தூக்குடா!"

கடைக்காரி வேஷத்தில் இருந்த பெண்ணும், நீலத் தலைமுடி வைத்த வாடிக்கையாளர் ஒருவரும் உடனே கை தூக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரஜினே கையைத் தூக்கிவிட்டான். கடைக்காரி பணத்தைப் பையில் அள்ளிப் போட்டாள்.

அப்போது நீலமுடிக்காரர், தூக்கிய கையோடு மெல்லக் கேட்டார்: "அப்போ என்னோட வெள்ள ஷர்ட்டு?"

"ஸ்டாக் இல்ல சேட்டா. வேற கடை பாரு."

இல்லையாம்! சாலை பஜாரில் வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாத சொல் அது. கேட்டது இல்லையென்றால் இருப்பதை விரித்துப் போட வேண்டும். வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கினால் அன்று முழுக்க முதலாளி முகத்தில் விழிக்க முடியாது. நீலமுடிக்காரரோ வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

வெளியே சைரன் கேட்டது. "சேச்சி, வேகம் வா!" என்று அஜீஷ் அலறினான். "யக்கா, பைய எடுத்துட்டு ஓடு!" என்று பிரஜின் தோளை உலுக்கினான்.

நாச்சியார் பல்லைக் கடித்துக்கொண்டாள். பையை எடுத்தாள். வாசலை நோக்கி நடக்கவும் செய்தாள். கார்க் கதவு திறந்தே இருந்தது.

திரும்பி வந்து, துப்பாக்கியையும் பையையும் கவுண்டர்மேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, சும்மா போவாதீங்க" என்றாள் மெதுவாக. "என்ன எடுக்கணும்?"