குப்பைத்தொட்டி மேல் வைத்த நன்றி

எங்கள் குல்பாராவில் நோலீன் பாஸ்கோ தொட்டுப் பார்க்காத தொழில் இரண்டுதான் பாக்கி: பெட்ரோல் பங்கும் ஈமச்சடங்கும். இரண்டாவதற்கு லைசென்ஸ் வேண்டுமாம். விசாரித்துவிட்டு வந்துதான் சொன்னார்.

மற்றதெல்லாம் ஆயிற்று. நாய்களுக்குப் பிறந்தநாள் கேக் செய்தார். இந்த ஊர் நாய்கள் கங்காரு வாலைக் கடித்து வளர்ந்தவை; கேக்கை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. நாய்க்காரர்கள்தான் சாப்பிட்டார்கள். டிசம்பரில் வெயில் நாற்பதைத் தாண்டும் ஊரில், மருந்து தெளித்துத் தோலைப் பழுப்பாக்கும் கடை போட்டார். கடைக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு அதே வேலை இலவசமாக முடிந்தது. அதற்கடுத்து ஆட்டுப்பால் சோப்பு. இதில் மட்டும் உற்பத்தி பிரமாதம்.

எல்லாத் தொழிலும் வீட்டுக் கார் ஷெட்டில்தான். அவருடைய கணவர் ராஸ், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பேச்சைச் செலவழிக்காதவர். தொழில் தொடங்கினால் காரை வெளியே எடுப்பார்; முடிந்தால் உள்ளே விடுவார். நோலீனின் வியாபார நிலவரத்தை ஊர் ராஸின் காரைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.

போன அக்டோபரில் கார் மறுபடி வெளியே வந்தது. நோலீன் டூவூம்பா நகரத்துக்குப் போய் ஒருநாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். வகுப்பின் தலைப்பு, ‘நன்றியுணர்வே மூலதனம்’. நன்றி என்கிற சொல்லை அவர்தான் கண்டுபிடித்தது போல ஒரு முகத்தோடு திரும்பினார். அதுவரை அவர் யாருக்கும் நன்றி சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை.

நன்றிப் பெட்டி பிறந்தது. பழுப்புக் காகிதம் சுற்றிய அட்டைப்பெட்டி, மேலே சணல் கயிறு, கயிற்றில் ஒரு யூகலிப்டஸ் கொத்து. உள்ளே ஒரு மெழுகுவத்தி, நாலு வெண்ணெய் பிஸ்கட், லாவெண்டர் வாசனை போட்ட ஆட்டுப்பால் சோப்பு மூன்று. விற்காத சோப்பு ஷெட்டில் கூரை வரைக்கும் இருந்தது என்பது இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நோலீன் சொல்வார். கூடவே ஒரு வாழ்த்து அட்டை: ‘உங்களை நாங்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறோம்.’ படித்தால் போலீஸ் அனுப்பியது போல இருந்தது. நோலீனுக்கு அது உருக்கமாகத் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு யாருக்கு நன்றி சொல்வது? இந்த ஊரில் அதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. டெஸ் கூகனுக்கு.

டெஸ் எங்கள் குப்பை லாரி ஓட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை, வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி மூடியின் மேல் ஒரு பெட்டி பீர் வைப்பது வழக்கம். லாரியின் இரும்புக் கை தொட்டியைத் தானே தூக்கிக் கவிழ்த்துவிடும். டெஸ் கீழே இறங்குவதே இல்லை. அந்த ஒரு நாள் மட்டும், பீர் பெட்டியின் பச்சையோ நீலமோ தூரத்தில் கண்ணில் பட்டதும் பிரேக் போட்டு இறங்குவார். பெட்டியை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைப்பார். ஏறி உட்கார்ந்து இரண்டு ஹாரன் அடிப்பார். நன்றி சொல்லியாயிற்று, நன்றி வாங்கியாயிற்று. யாரும் கதவைத் திறந்து வெளியே வரக்கூட வேண்டாம்.

போன வருடம் அந்த பீருக்கு ஒரு வேலை இருந்தது. டெஸ்ஸின் மகள் டீகனுக்கு இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா வாரிக் ஃபென்டன், பிரிஸ்பேனில் ஏ.சி. மாட்டும் கம்பெனி வைத்திருப்பவர். சாப்பாடு, இசை, ஷாம்பெயின் எல்லாம் தன் பொறுப்பு, டெஸ் வந்து நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார். டெஸ்ஸுக்குச் சுருக்கென்றது.

“பீர் எங்க பக்கம் சம்பந்தி,” என்றார். “எங்க ஊர் குடுக்கும்.”

இதை டெஸ் மதுக்கூடத்தில் சொல்லி ஊர் முழுக்கத் தெரியும். நோலீனுக்கும் தெரியும்.

இருந்தும் நோலீன் வீடு வீடாகப் போனார். பக்கத்துத் தெருக் கோரல் வீட்டு வாசலில் அவர் பேசியதை நானே கேட்டேன்.

“டெஸ்ஸுக்கு பீர்தான் குடுக்கப் போறியா, கோரல்?”

“வேற என்ன குடுக்கறது? வைரமா?”

“ஊரே பீர் குடுக்கும். உன்னோடது கூட்டத்துல கரைஞ்சு போயிடும். நீ மட்டும் இதை வச்சுப் பாரு. ‘அடடே, இது கோரல் வச்சது’ன்னு காலத்துக்கும் சொல்லுவான்.”

“கல்யாணத்துக்கு பீர் வேணும்னானே?”

“அதுக்குத்தான் மத்தவங்க இருக்காங்களே.”

கோரல் வாங்கினார். இதே பேச்சு அடுத்த வீட்டில் நடந்தது, அதற்கடுத்த வீட்டிலும் நடந்தது. நீ மட்டும் வித்தியாசமானவள், மற்றவர்கள் பீர் கொடுப்பார்கள். இதைக் கேட்டு மறுத்தவர் ஒருவரும் இல்லை. நானும் ஒன்று வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை. கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாத் தொட்டியும் வாய் பிதுங்கித்தான் நிற்கும். அடங்காத அட்டைப்பெட்டிகளை மூடி மேல் அடுக்கி வைப்பார்கள், இரும்புக் கை சேர்த்துத் தூக்கிக் கொட்டிவிடும். டெஸ் முதல் தெருவுக்குள் திரும்பினார். பச்சையைத் தேடினார், நீலத்தைத் தேடினார். தொட்டிக்குத் தொட்டி பழுப்பு நிறத்தில் ஓர் அட்டைப்பெட்டி. அடுத்த தெருவிலும் அப்படித்தான். இரும்புக் கை தன் கடமையைச் செய்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவர்கள் ஹாரனுக்குக் காத்திருந்தார்கள். லாரி சத்தமில்லாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலமே ஊர் பொருமத் தொடங்கியது. நன்றி சொன்னவர்களுக்கு நன்றி சொல்லவில்லையாம்.

“ரெண்டு ஹாரன் அடிச்சா டீசல் தீந்துடுமா?” என்று கோரல் கேட்டார். “பணக்கார சம்பந்தி வந்ததும் தலை கனத்துப் போச்சு அவனுக்கு.”

டெஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மைதானத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு நடந்தபோது கடைசி வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் திமிர் பிடித்துத் தள்ளி உட்கார்ந்திருப்பதாக நாங்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் மூன்றாவது வரிசையில் எல்லோரையும் விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். நோலீன் சனிக்கிழமை குப்பைமேட்டுக்குப் போயிருந்தார், பெட்டி கட்டியதில் மிஞ்சிய காகிதத்தைக் கொட்டுவதற்கு. குப்பைமேட்டில் லாவெண்டர் வாசனை. ஐபிஸ் பறவைகள் நீள மூக்கால் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பறவையின் காலில் ஒட்டியிருந்த அட்டை, ‘உங்களை நாங்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறோம்’ என்றது. நோலீன் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ராஸிடம் கூடச் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஈஸ்டருக்கும் அன்னையர் தினத்துக்கும் பெட்டி போடத் திட்டமிருந்தது.

செவ்வாய்க்கிழமை, பண்டிகைக்கு முந்தின நாள், ஒயின்ஷாப்பில் கால் வைக்க இடமில்லை. டெஸ் கல்லாவுக்கு முன்னால் நின்றார். கடைக்காரர் ட்ரெவ்.

“இருக்கறதிலயே விலை கம்மியான பீர் பத்துப் பெட்டி போடு, ட்ரெவ்.”

“கல்யாணத்துக்கா? பத்து எந்த மூலைக்குப்பா? ஊர் குடுக்கும்னு சொன்னியே.”

“சொன்னேன்,” என்றார் டெஸ்.

வரிசையில் அவருக்குப் பின்னால் கோரல். “ஊரே அள்ளிக் குடுத்தும் பத்தலையா டெஸ்ஸு?”

“எதை அள்ளிக் குடுத்தீங்க?”

“இப்படிக் கேப்பேன்னு தெரியும்.”

“வருஷக்கணக்கா உன் தொட்டியைத் தூக்கறேன், கோரல். இந்தத் தடவை அதுக்கு மேல இருந்தது ஒரு பழைய அட்டைப்பெட்டி.”

“பழைய அட்டைப்பெட்டியா? கயிறு கட்டி, கொத்து சொருகி...”

“கயிறு கட்டின குப்பையை நான் பாத்ததே இல்லையா என்ன?”

கோரல் மெதுவாகத் திரும்பினார். எல்லோரும் திரும்பினோம். ஒயின் அடுக்குக்குப் பின்னால், கையில் ஐஸ் பை சொட்டச் சொட்ட, நோலீன் ஒரு பாட்டிலின் லேபிளை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

“நோலீன்,” என்றார் கோரல். “பெட்டியெல்லாம் எங்கே?”

“போக வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கும்.”

“எந்த எடம்?”

“குப்பைமேடு.” ஐஸ் பையைக் கை மாற்றிக்கொண்டார். “நான் பாத்தேன். சனிக்கிழமை.”

“சனிக்கிழமையே தெரியுமா? மூணு நாளா நான் இவனைத் திட்டறேன், நீயும் கூட நின்னு ஆமா போட்டே?”

“தலையை மட்டுந்தான் ஆட்டினேன்.”

“என் காசைக் குடு.”

“நன்றியை யாராவது திருப்பிக் கேப்பாங்களா, கோரல்? தொட்டி மேலன்னுதானே சொன்னேன், உள்ளேன்னா சொன்னேன்?”

டெஸ் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுக்கியிருந்த பீர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லா வீட்லயுமா வச்சாங்க, நோலி?”

“எல்லா வீட்லயும்.”

“நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலன்னு நெனச்சேன். யாருக்கு என்ன பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்.” தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். “உள்ள என்ன இருந்துச்சு?”

“சோப்பு.”

“எல்லாத்துலயும்?”

“எல்லாத்துலயும். லாவெண்டர்.”

“பீர் ஒண்ணுகூட இல்ல?”

“இல்ல.”

“அப்ப லாரி மேல தப்பில்ல,” என்றார் டெஸ்.

முதலில் சிரித்தது ட்ரெவ். பிறகு கடையே சிரித்தது. கோரல் மட்டும் சிரிக்கவில்லை. காசைப் பற்றி அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ட்ரெவ் அன்று பீர் பெட்டி ஒன்று விடாமல் விற்றார். குற்ற உணர்ச்சி பண்டிகையை விட நல்ல வியாபாரம்.

இந்த முறை யாரும் தொட்டியை நம்பவில்லை. இருபத்தெட்டாம் தேதி, பொருட்காட்சி மைதானத்து ஹாலுக்கு வீட்டுக்கு ஒரு ஆளாகப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து டெஸ் கையிலேயே கொடுத்தோம். கையில் கொடுத்தவரை, சரி கிளம்பு என்று சொல்ல முடியுமா? டெஸ் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். அழைப்போடு வந்தவர்களை விட அழைப்பில்லாமல் வந்தவர்கள் அதிகம். வாரிக் ஏற்பாடு செய்த இறாலும் பன்றித் தொடையும் முதல் பாட்டு முடிவதற்குள் தீர்ந்தன. பீரைப் பொறுத்தவரை, கொடுத்ததைக் கொடுத்தவர்களே குடித்து முடித்தோம் என்பதுதான் உண்மை. ஆனால் ஹால் ஓரத்தில் அது சுவர் போல அடுக்கியிருந்த காட்சியை மாப்பிள்ளை வீட்டார் வாய் பிளந்து பார்த்தார்கள். டெஸ்ஸுக்கு அது போதும்.

வாரிக்குக்கும் ஒரு விஷயம் காதில் விழுந்திருந்தது. நோலீனைத் தேடி வந்தார். பக்கத்தில் டெஸ் நின்றிருந்தார்.

“நன்றிப் பெட்டி பண்றது நீங்கதானே? என் கம்பெனில நூறு பேருக்கு மேல இருக்காங்க. போனஸ், போனஸ்னு கேக்கறாங்க. காசு என்ன, இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். இது மாதிரி மனசைத் தொடறதா ஒண்ணு குடுக்கலாம்னு பாக்கறேன். இந்த ஊர்ல எப்படி எடுத்துக்கிட்டாங்க?”

நோலீன் ஒரு கணம்தான் யோசித்தார். “கிடைச்சவங்க ஒருத்தர்கூட குறை சொன்னதில்ல.”

“சம்பந்தி, உங்களுக்குத்தானே ஊரே குடுத்துச்சாம்?” வாரிக் டெஸ் பக்கம் திரும்பினார். “எப்படி இருந்துச்சு?”

நோலீன் தன் கிளாஸுக்குள் பார்த்தார். டெஸ் சுவர் போல நின்ற பீரைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். ஊர் தனக்கு வைத்தது குப்பைமேட்டில் கிடக்கிறது என்று இந்த மனிதரிடம் அவரால் சொல்ல முடியாது.

“ஒண்ணு விடாம ஒரே நாள்ல உள்ள போயிருச்சு,” என்றார். “மிச்சமே இல்ல.”

“அவ்வளவு பிடிச்சிருந்துச்சா?”

“லாரியே மணத்துச்சு சம்பந்தி.”

வாரிக் நெகிழ்ந்துபோய் நோலீனிடம் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். ஜனவரியிலேயே ஆர்டர் உறுதி என்று சொல்லிவிட்டு மகனுடன் போட்டோ எடுக்கப் போனார்.

“பாவம்,” என்றார் டெஸ், அவர் போன திசையைப் பார்த்து. “போனஸ் கேட்ட பசங்க.”

நோலீன் கார்டைப் பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்தார்.

“ஏன், பிரிஸ்பேன்ல குப்பை லாரி ஓடாதா?” என்றார்.